தானியங்கி மடக்குக் கத்தி: திறப்பு, பூட்டு முறைகளின் வரலாறு

தானியங்கி மடக்குக் கத்தி என்பது, கைப்பிடியில் உள்ள பொத்தான் அல்லது நெம்பை அழுத்தியவுடன், உள்ளே இறுக்கி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கின் விசையால் அலகு தானாகத் திறந்துகொள்ளும் கத்தி ஆகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது ஸ்விட்ச்பிளேடு என்றும் பிளிக் நைஃப் என்றும் அழைக்கப்படுகிறது. தமிழில் இதற்குப் பேச்சு வழக்கில் உள்ள பெயர் பட்டன் கத்தி. திரைப்படங்களின் வழியாகவே பெரும்பாலானோர் இக்கத்தியை அறிந்துள்ளனர். ஆனால் இதன் வரலாறு குற்றக் கதைகளின் வரலாறு மட்டுமன்று. ஒரு கையால் மட்டுமே வேலை செய்ய வேண்டிய மனிதனுக்குக் கத்தியை எப்படித் திறந்து கொடுப்பது, திறந்த அலகு அவன் விரல்மீதே மடங்கிவிடாமல் எப்படித் தடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்குக் கைவினைஞர்கள் தேடிய விடைகளின் வரலாறும் ஆகும்.

இவ்விரு கேள்விகளும் வேறுவேறானவை. முதலாவது திறப்பு முறை பற்றியது. இரண்டாவது பூட்டு முறை பற்றியது. பொதுமக்களின் அச்சமும் அரசுகளின் சட்டங்களும் பெரும்பாலும் முதலாவதைச் சுற்றியே எழுந்தன. கத்தியைப் பயன்படுத்துவோரின் விரல்களைக் காப்பதோ இரண்டாவதுதான்.

தானியங்கிக்கு முந்தைய மடக்குக் கத்திகள்

மடக்குக் கத்தி மிகப் பழமையான கருவி. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த, எலும்புக் கைப்பிடி கொண்ட மடக்குக் கத்தி ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உரோமானியர்களும் மடக்குக் கத்திகளைப் பயன்படுத்தினர். இவற்றில் பெரும்பாலானவை உராய்வினால் மட்டுமே திறந்த நிலையில் நின்றன. அச்சாணி இறுக்கமாக இருந்தால் அலகு நிற்கும்; தளர்ந்தால் மடங்கும்.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்தித் தொழிலாளர்கள் கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங்கைப் பொருத்தத் தொடங்கினர். இந்த ஸ்பிரிங் அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். எனவே அலகு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஓரளவு உறுதியாக நின்றது. இதை முழுமையான பூட்டு என்று சொல்ல முடியாது. போதிய விசையுடன் அலகின் முதுகை அழுத்தினால் அது மடங்கிவிடும். பேனாக்கத்திகளிலும், 1897-இல் காப்புரிமைப் பதிவு பெற்ற சுவிஸ் அதிகாரிகள் கத்தியின் வழிவந்த பல கத்திகளிலும் இன்றுவரை இம்முறையே உள்ளது.

உண்மையான பூட்டுகளும் இதே காலத்தில் வளர்ந்தன. ஸ்பெயின் நாட்டின் நவாஹா என்னும் நீண்ட மடக்குக் கத்தியில் அலகின் அடியில் பற்கள் வெட்டப்பட்டிருந்தன. அலகைத் திறக்கும்போது ஒவ்வொரு பல்லும் ஸ்பிரிங்கில் உள்ள துளையில் விழுந்து எழுவதால் தொடர்ச்சியான கடகடவென்ற ஒலி எழும். கடைசிப் பல் விழுந்ததும் அலகு பூட்டிக்கொள்ளும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் தோன்றிய ஒப்பினெல் கத்தி, முதலில் பூட்டு இல்லாமலேயே வந்தது. 1955-இல் அதன் தலைப்பூணின் மேல் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைச் சற்றுத் திருப்பினால் அலகு மடங்கும் வழி அடைபடும். பூட்டு என்பது எவ்வளவு எளிமையாக இருக்க முடியும் என்பதற்கு இவ்வளையம் நல்ல எடுத்துக்காட்டு.

ஸ்பிரிங் விசையால் திறக்கும் முறை

அலகை ஸ்பிரிங்கால் திறக்கும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே இருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சில கைத்துப்பாக்கிகளில் குழலோடு மடக்கி வைக்கப்பட்ட சிறு ஈட்டிமுனை இருந்தது. தாழை விடுவித்ததும் ஸ்பிரிங் அதை முன்னே தள்ளி நிறுத்தியது. அக்காலத் துப்பாக்கி ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்ப நேரம் எடுத்தது. அந்த இடைவெளியை நிரப்பவே இந்த ஏற்பாடு.

ஆனால் சட்டைப்பைக் கத்தியில் இதைப் பெருமளவில் கொண்டுவர 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கத்தியையும் கையால் அராவிப் பொருத்தும் வரை, ஸ்பிரிங் கத்தி செல்வர்களின் விந்தைப் பொருளாகவே இருந்தது. இயந்திரங்கள் ஒரே அளவான உறுப்புகளை வெட்டித் தரத் தொடங்கியபோதுதான் அது கடைச் சரக்காக மாறியது.

அமெரிக்கா: ஷ்ரேடின் பொத்தான்

இம்மாற்றத்தில் முதன்மையான பெயர் ஜார்ஜ் ஷ்ரேடு. 1890-களின் தொடக்கத்தில் இவர் பொத்தானால் திறக்கும் கத்திக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூயார்க் மாநிலத்தின் வால்டன் ஊரில் அக்கத்திகள் தயாரிக்கப்பட்டன. 1904-இல் தம் சகோதரர்களுடன் சேர்ந்து அதே ஊரில் ஷ்ரேடு கத்தி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் புதிய வடிவமைப்புகளைக் கொண்டுவந்தார்.

ஷ்ரேடு வழியில் வளர்ந்த பொத்தான் முறையே இன்றைய பெரும்பாலான பக்கவாட்டுத் தானியங்கிக் கத்திகளுக்கு முன்னோடி. இன்று வழக்கில் உள்ள முளைப் பூட்டு செயல்படும் விதம் பின்வருமாறு. பொத்தானின் அடியில் உருளை வடிவ முளை ஒன்று உள்ளது. அதன் ஒரு பகுதி தடித்தும், மற்றொரு பகுதி மெலிந்தும் இருக்கும். அலகின் அடியில் இரண்டு காடிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒன்று மூடிய நிலைக்கு. மற்றொன்று திறந்த நிலைக்கு. சாதாரணமாகத் தடித்த பகுதி காடியில் அமர்ந்து அலகைப் பிடித்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் மெலிந்த பகுதி காடிக்கு நேராக வருவதால் அலகு விடுபடுகிறது. ஸ்பிரிங் அதைத் திறக்கிறது. முழுதும் திறந்ததும் முளை மேலெழுந்து இரண்டாம் காடியில் அமர்ந்து பூட்டுகிறது. மூடுவதற்கு மீண்டும் பொத்தானை அழுத்தி, ஸ்பிரிங்கின் விசைக்கு எதிராக அலகை மடக்க வேண்டும்.

இம்முறையின் அழகு, ஒரே உறுப்பு திறப்புக்கும் பூட்டுக்கும் பயன்படுவதுதான். இதன் குறையும் அதுவே. சட்டைப்பையில் இருக்கும்போது ஏதேனும் பட்டு பொத்தான் அழுந்தினால் அலகு திறந்துகொள்ளும். வெட்டிக்கொண்டிருக்கும்போது விரல் பொத்தானில் அழுந்தினால் பூட்டு விடுபடும். எனவே பொத்தானுக்கு அருகில் சறுக்கும் பாதுகாப்புத் தாழ் ஒன்று சேர்க்கப்பட்டது. தாழ் போடப்பட்டால் மூடிய கத்தி திறக்காது; திறந்த கத்தி மடங்காது.

அக்கால அமெரிக்காவில் இக்கத்திகள் வேலைக் கருவிகளாகவே விற்கப்பட்டன. நகம் உடையாமல் திறக்கலாம் என்பது விற்பனையாளர்கள் சொன்ன நன்மைகளுள் ஒன்று. சாதாரண பேனாக்கத்தியைத் திறக்க அலகில் உள்ள பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு கைகளும் தேவை.

ஜெர்மனி: சோலிங்கன் நெம்பு

இடைக்காலம் முதலே வாள், கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் வேறொரு முறை வேரூன்றியது. இங்கே பொத்தானுக்குப் பதிலாகக் கைப்பிடியின் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கும். நெம்போடு இணைந்த பட்டை ஸ்பிரிங்கின் முனையில் ஓர் ஊசிமுளை உள்ளது. அது அலகின் அடியில் உள்ள துளைக்குள் நுழைந்து அலகைப் பிடித்திருக்கும். நெம்பை எழுப்பி அழுத்தினால் ஊசிமுளை வெளியே வரும், அலகு திறக்கும். முழுதும் திறந்ததும் ஊசிமுளை மற்றொரு துளையில் விழுந்து பூட்டும்.

பொத்தான் முறையோடு ஒப்பிட்டால் இதில் தனிப் பாதுகாப்புத் தாழ் தேவையில்லை. நெம்பைக் கைப்பிடியின்மீது படுக்க வைத்துவிட்டால் அதுவே தாழாகிவிடுகிறது. சட்டைப்பையில் தற்செயலாகத் திறக்கும் வாய்ப்பு குறைவு. அலகை ஊடுருவிச் செல்லும் முளை என்பதால் பூட்டும் உறுதியானது. ஆனால் நெம்பை எழுப்பி, பின் அழுத்த வேண்டியிருப்பதால் திறக்கும் நேரம் சற்றுக் கூடும்.

இத்தாலி: மானியாகோவின் ஸ்டிலெட்டோ

இத்தாலியின் வடகிழக்கில் உள்ள மானியாகோ, 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே இரும்புக் கருவித் தொழில் நடந்துவரும் ஊர். ஃபிரோசோலோனே, ஸ்கார்பேரியா ஆகிய ஊர்களும் கத்திக்குப் பெயர் பெற்றவை. உலகம் முழுதும் பட்டன் கத்தி என்றதும் நினைவுக்கு வரும் மெலிந்த, நீண்ட ஸ்டிலெட்டோ வடிவம் இந்த இத்தாலிய மரபிலிருந்தே வந்தது.

இதில் திறப்பும் பூட்டும் தனித்தனி உறுப்புகளிடம் விடப்பட்டுள்ளன. மூடிய அலகைப் பிடித்து வைப்பது பொத்தானோடு சேர்ந்த முளை. அலகைத் திறப்பது கைப்பிடிக்குள் உள்ள பட்டை ஸ்பிரிங். திறந்த அலகைப் பூட்டுவதோ கைப்பிடியின் முதுகில் உள்ள மற்றொரு ஸ்பிரிங். அதன் முன்முனையில் உள்ள துளையில் அலகின் அடியில் உள்ள சிறு மேடு அமர்ந்துகொள்ளும். எனவே திறந்த கத்தியில் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பூட்டு விடுபடாது. மூடுவதற்கு முதுகு ஸ்பிரிங்கின் முனையைத் தனியே தூக்க வேண்டும்.

பழைய இத்தாலியக் கத்திகளில் அம்முனையை நகத்தால் தூக்கினர். 1950-களின் இறுதிக்குப் பின் வந்தவற்றில் தலைப்பூண் அசையும்படி அமைக்கப்பட்டது. அதைச் சாய்த்தால் அது முதுகு ஸ்பிரிங்கைத் தூக்கி அலகை விடுவிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் பலர் இக்கத்திகளை நினைவுப் பொருளாகக் கொண்டு சென்றனர். தேவை பெருகியதும் மலிவான பிரதிகள் ஏற்றுமதியாயின. அவற்றுள் பலவற்றின் எஃகும் பூட்டும் தரம் குறைந்தவை. வேலைக் கருவிக்குரிய உறுதி குறைந்து, தோற்றம் மட்டும் மிஞ்சிய காலம் அது.

போர்க்களம்: ஒரு கை மட்டுமே இருக்கும்போது

தானியங்கிக் கத்தியின் தேவை மிகத் தெளிவாக வெளிப்பட்டது வான்குடை வீரர்களிடம். குதித்த வீரன் மரத்தில் சிக்கிக்கொண்டாலோ, தரையில் காற்று வான்குடையை இழுத்துச் சென்றாலோ, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை அறுத்தாக வேண்டும். நகப்பள்ளத்தைத் தேடும் நிலையில் அவன் இருக்க மாட்டான்.

இதற்கு இரு நாட்டுப் படைகள் இரு வேறு விடைகளைக் கண்டன. ஜெர்மன் வான்குடைப் படைக்கு 1930-களின் இறுதியில் ஈர்ப்புக் கத்தி வழங்கப்பட்டது. இதில் ஸ்பிரிங் விசையால் திறக்கும் அலகு இல்லை. கைப்பிடியைக் கீழ்நோக்கிப் பிடித்து நெம்பை அழுத்தினால், அலகு தன் எடையாலேயே வழுக்கி வெளியே வரும். நெம்பை விட்டதும் பூட்டிக்கொள்ளும். உள்ளே களைத்துப்போக வேண்டிய திறப்பு ஸ்பிரிங் இல்லாதது இதன் நன்மை. கைப்பிடி எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே திறக்கும் என்பது இதன் வரம்பு.

அமெரிக்கப் படை ஷ்ரேடின் பொத்தான் முறையைத் தேர்ந்தெடுத்தது. எம்2 என்று பெயரிடப்பட்ட அக்கத்தியை வைப்பதற்காகவே, 1942-ஆம் ஆண்டின் குதிப்புச் சட்டையில் கழுத்துக்குக் கீழே ஜிப் வைத்த ஒரு சிறு பை தைக்கப்பட்டது. எந்தக் கை விடுபட்டிருந்தாலும் அந்தப் பைக்கு எட்டும். போருக்குப் பின் விமானிகளுக்கு வழங்கப்பட்ட எம்சி-1 கத்தி ஆரஞ்சு நிறக் கைப்பிடியுடன் வந்தது. பொத்தானால் திறக்கும் அலகோடு, கயிறு அறுப்பதற்கென வளைந்த கொக்கி அலகு ஒன்றும் அதில் இருந்தது.

அச்சமும் தடைச் சட்டங்களும்

போர் முடிந்த ஐந்தே ஆண்டுகளில் அதே கருவி அமெரிக்காவில் அச்சத்தின் சின்னமாக மாறியது. 1950-இல் விமன்ஸ் ஹோம் கம்பேனியன் இதழில், கொல்லும் விளையாட்டுப் பொருள் என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்த கட்டுரை நாடு முழுதும் பேசப்பட்டது. இளைஞர் கும்பல்களின் ஆயுதமாக இக்கத்தி சித்திரிக்கப்பட்டது. 1955-இல் வந்த ரெபல் வித்தவுட் எ காஸ் திரைப்படமும், 1957-இல் மேடையேறிய வெஸ்ட் சைடு ஸ்டோரி இசை நாடகமும் அந்தப் படிமத்தை உறுதிப்படுத்தின.

1957-இல் வெளிவந்த 12 ஆங்கிரி மென் திரைப்படத்தில் திறப்பு முறையே ஒரு வாதமாகிறது. இத்தகைய கத்தியைப் பழகியவன் அதை மேலிருந்து கீழாகக் குத்தமாட்டான். திறந்த கையை மாற்றிப் பிடிக்க நேரமில்லாததால் கீழிருந்து மேலாகவே குத்துவான் என்று நடுவர் குழு உறுப்பினர் ஒருவர் காட்டுகிறார். அரிய கத்தி என்று சொல்லப்பட்டது பக்கத்துக் கடையில் எளிதாகக் கிடைத்தது என்பதும் அக்கதையின் திருப்பங்களுள் ஒன்று. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் இக்கத்திகள் எவ்வளவு பரவலாக இருந்தன என்பதை இது காட்டுகிறது.

நியூயார்க் மாநிலம் 1954-இல் தடை கொண்டுவந்தது. 1958 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி ஸ்விட்ச்பிளேடு சட்டம் நிறைவேறியது. கைப்பிடியில் உள்ள பொத்தான் அல்லது வேறு கருவியைக் கையால் அழுத்தித் தானாகத் திறக்கும் கத்தியையும், நிலைமத்தாலோ ஈர்ப்பாலோ தானாகத் திறக்கும் கத்தியையும் அச்சட்டம் வரையறுத்தது. அவற்றை மாநிலங்களுக்கிடையே விற்பதற்கு 2000 டாலர் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். படைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மற்றொரு விலக்கு கவனிக்கத்தக்கது. ஒரு கை மட்டுமே உள்ளவர், 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள கத்தியைத் தம்முடன் எடுத்துச் செல்லலாம். தடை செய்த சட்டமே இக்கத்தியின் உண்மையான பயனை இவ்வாறு ஒப்புக்கொண்டது.

பிரிட்டனில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பிளிக் கத்திகளையும் ஈர்ப்புக் கத்திகளையும் தயாரிப்பதையும் விற்பதையும் தடுத்தது.

இச்சட்டங்களின் முதன்மை நோக்கு பூட்டைப் பற்றியதன்று. அலகு எவ்வாறு திறக்கிறது என்பதே குற்றத்தின் எல்லைக்கோடாக அமைந்தது.

எல்லைக்கோட்டைச் சுற்றி வளர்ந்த பொறியியல்

சட்டம் ஸ்பிரிங்கைத் தடுத்தது. ஒரு கையால் திறக்கும் தேவை மறையவில்லை. எனவே வடிவமைப்பாளர்கள் ஸ்பிரிங் இல்லாத வழிகளைத் தேடினர். 1981-இல் ஸ்பைடர்கோ நிறுவனம் வெளியிட்ட வொர்க்கர் கத்தியில் அலகிலேயே ஒரு வட்டத் துளை இருந்தது. கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் அலகு திறக்கும். கைப்பிடியில் பொத்தான் இல்லை. தானாகத் திறப்பதும் இல்லை. அலகில் பொருத்தப்பட்ட கட்டைவிரல் குமிழ், அலகின் அடியில் துருத்தி நிற்கும் தட்டுமுனை ஆகியவை இதே நோக்கில் பரவின.

1990-களின் பிற்பகுதியில் துணைவிசைக் கத்திகள் சந்தைக்கு வந்தன. கென் ஆனியன் என்பவர் கெர்ஷா நிறுவனத்துக்காக வடிவமைத்த முறை இவற்றுள் புகழ் பெற்றது. இதில் ஸ்பிரிங் உண்டு. ஆனால் மூடிய நிலையில் அது அலகைத் திறக்க முயல்வதில்லை, மூடியே வைத்திருக்கிறது. பயன்படுத்துபவர் அலகைச் சிறிது தூரம் தள்ளிய பிறகே ஸ்பிரிங்கின் விசை திசை மாறி மீதித் தூரத்துக்கு அலகைத் திறக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தானியங்கிக் கத்திக்கும் இதற்கும் வேறுபாடு தெரிவது கடினம்.

இந்த நுண்ணிய வேறுபாடு நாடாளுமன்றம் வரை சென்றது. 2009-இல் அமெரிக்கச் சுங்கத்துறை துணைவிசைக் கத்திகளையும் ஸ்விட்ச்பிளேடாகக் கருத முற்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், மூடிய நிலையை நோக்கிச் சாய்வுள்ள, அலகின்மீது கைவிசை செலுத்தியே திறக்க வேண்டிய கத்திகளுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் புதிய விலக்கு சேர்க்கப்பட்டது. பிரிட்டன் எதிர்த்திசையில் சென்றது. 2019-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பாதி திறந்த நிலையிலிருந்து தானாகத் திறக்கும் கத்தியையும் பிளிக் கத்தி வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆக, ஒரே கத்தி ஒரு நாட்டில் விலக்குப் பெற்றது. மற்றொரு நாட்டில் தடைக்குள் வந்தது.

முன்புறம் பாயும் அலகு

பக்கவாட்டில் சுழன்று திறக்காமல், கைப்பிடியின் முனையிலிருந்து நேராக வெளிவரும் அலகு தனி வகை. இதில் இரு உட்பிரிவுகள் உண்டு.

முதலாவது ஒற்றைச் செயல் முறை. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் அலகை வெளியே தள்ளும். உள்ளே இழுப்பதற்குக் கையால் ஸ்பிரிங்கை மீண்டும் இறுக்க வேண்டும். மூடிய நிலையில் ஸ்பிரிங் முழு இறுக்கத்தில் இருப்பதால் அலகு வேகமாக வரும்.

இரண்டாவது இரட்டைச் செயல் முறை. சறுக்குப் பொத்தானை முன்னே தள்ளினால் அலகு வெளிவரும். பின்னே இழுத்தால் உள்ளே செல்லும். சறுக்கைத் தள்ளும் கட்டைவிரலே ஸ்பிரிங்கை இறுக்குகிறது. ஓய்வில் இருக்கும்போது ஸ்பிரிங்கில் இறுக்கம் இல்லை. அலகின் பயணத்தின் தொடக்கத்தில் மட்டுமே விசை செலுத்தப்படுகிறது. மீதித் தூரத்தை அலகு தன் வேகத்தாலேயே கடக்கிறது. வழியில் ஏதேனும் தடுத்தால் அலகு தாழில் அமராமல் பாதியில் நின்றுவிடும். பிறகு கையால் இழுத்துத் தாழில் அமர்த்த வேண்டும். திரைப்படங்களில் இந்த அலகு எதையும் துளைத்துச் செல்வதுபோலக் காட்டப்படுவது இதன் இயக்கத்துக்குப் பொருந்தாதது.

பூட்டின் பார்வையில் இவ்வகைக்கு ஒரு குறை உண்டு. அலகு தடையின்றி வழுக்கிச் செல்ல உள்ளே சிறிது இடைவெளி தேவை. எனவே திறந்த நிலையில் அலகில் மெல்லிய ஆட்டம் இருக்கும். ஆனால் மடங்கும் அலகு அன்று என்பதால், விரல்கள்மீது அலகு மடியும் ஆபத்து இதில் இல்லை.

பூட்டுகளின் தனி வளர்ச்சி

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பூட்டு முறைகள் வேகமாக வளர்ந்தன. பெரும்பாலானவை ஸ்பிரிங் இல்லாத மடக்குக் கத்திகளுக்காகத் தோன்றி, பின்னர் தானியங்கிக் கத்திகளுக்கும் சென்றன.

முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகில் உள்ள அசையும் தண்டு, அலகின் அடியில் வெட்டிய காடியில் விழுந்து பூட்டும். 1964-இல் வந்த பக் 110 கத்தி இதை உலகறியச் செய்தது. உறுதி மிக்கது. ஒரு கையால் மூடுவது கடினம்.

உள்தகட்டுப் பூட்டு: கைப்பிடியின் உள்ளே உள்ள மெல்லிய உலோகத் தகடு பக்கவாட்டில் வளைந்து, திறந்த அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். இதன் முன்வடிவம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்பணியாளர் கத்திகளில் இருந்தது. மைக்கேல் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் இதற்கு இன்றைய வடிவம் தந்தார். மூடும்போது விரல் அலகின் பாதையில் வருவது இதன் குறை.

சட்டகப் பூட்டு: கிறிஸ் ரீவ் 1980-களின் இறுதியில் வளர்த்தெடுத்தது. தனித் தகட்டுக்குப் பதிலாகக் கைப்பிடியின் ஒரு பாதியே வளைந்து பூட்டாகிறது. கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு உறுதியாகும்.

குறுக்குத்தண்டுப் பூட்டு: பெஞ்ச்மேடு நிறுவனம் 1998-இல் ஆக்ஸிஸ் என்ற பெயரில் வெளியிட்டது. கைப்பிடியின் குறுக்கே செல்லும் எஃகுத் தண்டு அலகின் அடிமீது வந்து அமர, அலகின் அடி அத்தண்டுக்கும் தடுப்பாணிக்கும் இடையே இறுகி நிற்கும். இரு கைப் பழக்கத்தினருக்கும் பொருந்தும். விரல் அலகின் பாதையில் வருவதில்லை.

தானியங்கிக் கத்திகளில் இன்றும் மிகுதியாக இருப்பது முளைப் பூட்டே. ஒரே உறுப்பு இரு வேலைகளையும் செய்வதால் செலவும் இடமும் மிச்சமாகின்றன. முளையும் காடியும் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் ஆட்டம் தோன்றும் என்பதால், தரமான கத்திக்கும் மலிவான கத்திக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முதலில் தெரியும்.

பூட்டே குற்றமானபோது

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 3 அங்குலம், அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மிகாத வெட்டுமுனையுள்ள மடக்குச் சட்டைப்பைக் கத்தியைக் காரணம் கூறாமல் பொது இடத்தில் வைத்திருக்க இடம் தந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, அலகு பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்குக்குள் வராது என்று முடிவு செய்தது. உடனடியாக மடக்கக்கூடியதே மடக்குக் கத்தி. பூட்டிய அலகு நிலையான கத்திக்கு ஒப்பானது என்பது அதன் சாரம். ஆகவே விரல்களைக் காக்கும் உறுப்பு இருந்தால், கத்தி வைத்திருப்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். அந்த உறுப்பு இல்லாவிட்டால் காரணம் தேவையில்லை.

நியூயார்க்கில் மற்றொரு சிக்கல் எழுந்தது. ஈர்ப்புக் கத்தியைத் தடுக்க 1950-களில் வந்த மாநிலச் சட்டம், பிற்காலத்தில் சாதாரண மடக்குக் கத்திகள்மீதும் பாய்ந்தது. காவலர் மணிக்கட்டைச் சுழற்றிக் கத்தியை உதறிப் பார்ப்பார். அலகு திறந்து பூட்டிக்கொண்டால் அது ஈர்ப்புக் கத்தி. கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்ட வேலைக் கத்திகளை வைத்திருந்த தொழிலாளர்கள் பலர் இச்சோதனையால் கைதாயினர். ஒருவர் உதறினால் திறக்காத கத்தி மற்றொருவர் உதறினால் திறக்கலாம். அச்சாணி தேயத் தேய அதே கத்தி சட்டவிரோதமாகவும் மாறலாம். 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இச்சோதனையின் தெளிவின்மையைச் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு மே மாதம் ஈர்ப்புக் கத்திகளுக்கான தடை மாநிலத்தில் நீக்கப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்வகைக் கத்திக்குப் பெயர் பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். ராம்பூரி என்று அழைக்கப்படும் நீண்ட மடக்குக் கத்தி, இந்தித் திரைப்படங்களின் வழியே நாடு முழுதும் அறிமுகமானது. திறக்கும்போது பற்கள் எழுப்பும் ஒலி இதன் அடையாளம்.

இந்தியச் சட்டம் முதலில் அளவையே நோக்கியது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவை விலக்குப் பெற்றன. தில்லி நிர்வாகத்தின் 1980-ஆம் ஆண்டு அறிவிப்பு இயக்க முறையையும் சேர்த்துக்கொண்டது. ஸ்பிரிங்கால் இயங்குவன, பற்பூட்டு உள்ளன, பொத்தான் உள்ளன ஆகிய கத்திகளில் 7.62 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமும், 1.72 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ அகலமும் கொண்ட அலகுள்ளவை அதில் அடங்கின. திறப்பு முறை, பூட்டு முறை, அளவு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் கொண்டுவந்த அறிவிப்பு இது. அமெரிக்க விலக்கிலும் பிரிட்டன் சட்டத்திலும் வந்த 3 அங்குல எல்லையே இங்கும் இருப்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பீடு

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படும். திறக்கும் வேகத்தில் பொத்தான் முறைக்கும், பழகிய கையில் உள்ள துளை அல்லது தட்டுமுனைக் கத்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தற்செயலாகத் திறக்காத பாதுகாப்பில் சோலிங்கன் நெம்பு, தாழில்லாத பொத்தானை விடச் சிறந்தது. திறப்பையும் பூட்டையும் பிரித்து வைத்த இத்தாலிய முறையில், வேலையின்போது பொத்தான் அழுந்தினாலும் ஆபத்து இல்லை. ஈரக் கையுறை அணிந்த கைக்கும், காயம்பட்ட கைக்கும் பொத்தானே எளிது.

இக்கத்திகளை ஆபத்தானவையாக்கியது திறப்பு முறையா, அவற்றை ஏந்திய கைகளா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் அண்மைக் காலத்தில் தம் தடைகளைத் தளர்த்தியுள்ளன, பிரிட்டன் இறுக்கியுள்ளது. இவற்றுக்கு நடுவே, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கை உள்ளவருக்காக எழுதப்பட்ட விலக்கு இன்றும் அச்சட்டத்தில் இருக்கிறது.